கதிரியக்க நீரும் நீலப் பொடியும்

2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் தேதியன்று ஜப்பான் தேசத்தின் கீழைக் கடற்கரையை உலுக்கிய பூகம்பமும், அதனைத் தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலையும், ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் குளிரூட்டும் கருவிகளுக்கு மின்சாரமே இல்லாமற் செய்துவிட, அங்கிருந்த மூன்று அணு உலைகளின் எரிபொருள் உருகி வழிந்ததை உலகம் அறியும். உருகிய எரிபொருளின் உஷ்ணத்தைத் தணிப்பதற்காக உள்ளே செலுத்தப்பெற்ற நீர், கடல்நீராகவும் நன்னீராகவும் சென்று, எரிபொருளைத் தொட்டு, அதிலிருந்த கதிரியக்கப் பொருள்களைக் கரைத்துக்கொண்டு, பழுதுபட்ட கலங்களின் வழியே கசிந்து கட்டடங்களின் அடித்தளங்களிலே தேங்கியது. மலைப்புறத்திலிருந்து கடலை நோக்கி நிலத்தடியில் இயல்பாக ஓடிக்கொண்டிருந்த ஊற்றுநீரும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 டன் அளவில் வந்து அதனோடு கலந்தது. உலையைக் குளிர்விப்பதை நிறுத்தவும் இயலாது, நீர் பெருகுவதைத் தடுக்கவும் இயலாது என்ற இக்கட்டான நிலையில், அந்த நீரிலுள்ள நஞ்சைப் பிரித்தெடுத்து, தெளிந்த நீரை மீண்டும் உலைக்கே அனுப்புவது ஒன்றே உபாயமாக எஞ்சியது.

அவ்வாறு பிரித்தெடுப்பது எங்ஙனம்? நீரிலே மிதக்கும் தூசியை மெல்லிய துணி தடுத்துவிடும். கிருமிகளைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். ஆனால் அந்த நீரிலிருந்த முதன்மையான சத்துருவாகிய சீசியம்-137 என்பது மிதக்கும் பொருளுமன்று, உயிருள்ள பொருளுமன்று. சாதாரண உப்பிலுள்ள சோடியத்தைப் போன்றே, ஒரு எலெக்ட்ரானை இழந்து நேர்மின்னேற்றம் பெற்ற அயனியாக அது நீரின் மூலக்கூறுகளுக்கிடையே கரைந்து நிற்கிறது. அதனைச் சுட்டாலும், அமிலத்தில் இட்டாலும், வேறெந்த ரசாயனத்தோடு சேர்த்தாலும், அதன் கதிரியக்கம் இம்மியளவும் குறைவதில்லை; ஏனெனில் கதிரியக்கம் அணுவின் கருவிலிருந்து பிறப்பது, ரசாயன வினைகளோ அணுவின் வெளிப்புறத்து எலெக்ட்ரான்களோடு நின்றுவிடுபவை. ஏறத்தாழ 30 ஆண்டு அரை ஆயுளையுடைய அந்தச் சீசியம், தன் காலம் வரையில் தன் சுபாவப்படி கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும். ஆகவே இத்துறையில் ‘நீக்குதல்’ என்று நாம் கூறுவதெல்லாம் உண்மையில் அழித்தலன்று, இடமாற்றுதலே; பெருவெள்ளத்தில் பரவிக்கிடக்கும் அபாயத்தை ஒரு சிறு கலத்துக்குள் ஒடுக்கிக் காவலில் வைப்பதே இங்குச் சாத்தியமான பரிகாரமாகும்.

இந்தக் காரியத்தின் கடினத்தை உணர்வதற்குச் சிறிது கணக்கைப் பார்த்தல் நலம். ஒரு கிராம் சீசியம்-137இல் விநாடிதோறும் சிதையும் அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 3.2 லட்சம் கோடி. விநாடிக்கு ஓர் அணு சிதைவதை ஒரு பெக்கரல் என்பர். குடிநீரில் இம்மூலகம் லிட்டருக்கு 10 பெக்கரல் என்பது உலக சுகாதார நிறுவனம் காட்டியுள்ள வழிகாட்டு அளவு. அப்படியானால், ஒரே ஒரு கிராம் சீசியம் முப்பத்திரண்டாயிரம் கோடி லிட்டர் நீரை அந்த எல்லைவரையில் மாசுபடுத்தவல்லது. ஃபுகுஷிமாவின் அடித்தளங்களில் முதலில் தேங்கிய நீரில் லிட்டருக்கு நூறு கோடி பெக்கரலுக்கும் மேற்பட்ட சீசியம் இருந்த பகுதிகள் உண்டு. கேட்பதற்கே அச்சமூட்டும் அந்த நூறு கோடியும், நிறுத்துப் பார்த்தால் ஒரு மில்லிகிராமில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தேறாது. மறுபுறத்தில், கடல்நீரில் ஒரு லிட்டருக்குப் பத்து கிராமுக்கும் மேலாகச் சோடியம் உண்டு. நீரைக் குடிநீரின் தரத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், கடைசியில் எஞ்சும் ஒவ்வொரு சீசியம் அயனியைச் சுற்றிலும் ஏறத்தாழ இருபது லட்சம் கோடி சோடியம் அயனிகள் நிற்கும். இரண்டும் ஒரே குடும்பத்து மூலகங்கள். இரண்டின் மின்னேற்றமும் ஒன்றே. இத்தகைய நெருங்கிய உறவினருள் ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் பற்றும் பதார்த்தம் வேண்டும் என்பதே ரசாயனிகளின் முன் வைக்கப்பட்ட பிரச்சினை.

அயனிகளைப் பற்றும் பொருள்களைப் பற்றிய அறிவு, அணு யுகத்துக்கு மிகவும் முற்பட்டது. 1850ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தாம்ஸன், வே என்னும் இருவர், உரம் கலந்த நீரை மண்ணின் வழியே வடித்தபோது, அந்நீரிலிருந்த அம்மோனியத்தை மண் தன்னிடத்தே நிறுத்திக்கொண்டு, அதற்கு ஈடாகத் தன்னிடமிருந்த சுண்ணாம்புச் சத்தை நீருக்கு விட்டுக்கொடுப்பதைக் கண்டு வெளியிட்டனர். ஒன்றைக் கொண்டு ஒன்றைக் கொடுக்கும் இந்த அயனிப் பரிமாற்றமே இன்றளவும் இத்துறையின் அடிப்படைத் தத்துவம். இக்குணம் மிகுந்த கனிமங்களுள் ஜியோலைட் என்னும் வகை தலைசிறந்தது. சிலிக்கான், அலுமினியம், ஆக்ஸிஜன் ஆகியவை இணைந்து, உள்ளெல்லாம் நுண்ணிய அறைகளும் வாயில்களுமாக அமைந்த அப்படிகங்களின் சட்டகம் எதிர்மின்னேற்றமுடையது. அதனைச் சமன் செய்வதற்காக அறைகளில் தங்கியிருக்கும் சோடியம் போன்ற அயனிகள் எளிதிலே இடம்பெயர்ந்து, வேறு அயனிகளுக்கு இடங்கொடுக்கும்.

1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் திரீமைல் தீவில் நேர்ந்த விபத்துக்குப் பின்னர் அங்குத் தேங்கிய நீரைச் சுத்தி செய்தது ஜியோலைட்டே. இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில், பயன்படுத்திய எரிபொருளைச் சேமித்துவைக்கும் குளங்களின் நீரை 1985 முதல் சுத்தி செய்துவருவதும் கிளினோப்டிலோலைட் என்ற இயற்கை ஜியோலைட்டே. ஃபுகுஷிமாவிலும் 2011 ஜூன் மாதத்தில் முதன்முதலாக இயங்கத் தொடங்கிய அமைப்பில் ஜியோலைட் நிரப்பிய எஃகுக் கலங்களே வரிசையாக நின்றன. ஆயினும் ஜியோலைட்டுக்கு ஒரு குறை உண்டு. அது சீசியத்தை விரும்புவது மெய்யே. ஆனால் சோடியத்தையும் முற்றிலும் வெறுத்து ஒதுக்குவதில்லை. நன்னீரில் அதன் வேலை நேர்த்தியாக நடைபெறும். கடல்நீர் கலந்த நீரிலோ, அறைகளுள் பெரும்பாலானவற்றைச் சோடியமும் பொட்டாசியமும் கைப்பற்றிக்கொள்ள, சீசியத்துக்கு எஞ்சும் இடம் குறைந்துபோகும்.

இங்கேதான் பழைய சாயப் பொடியொன்று அரங்கத்துக்குள் பிரவேசிக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் சிவப்புச் சாயம் செய்ய முயன்றபோது தற்செயலாகத் தோன்றியதும், பின்னர் ஓவியர்களின் வண்ணமாகவும் எழுதும் மையாகவும் புகழ்பெற்றதுமான ‘பிரஷ்ய நீலம்’ என்பதே அது. இரும்பணுக்களை ஸயனைடு என்னும் இணைப்புகள் பாலமாய் நின்று முப்புறமும் பிணைக்க, ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் பக்க அளவுள்ள கனசதுரங்கள் அடுக்கடுக்காய் அமைந்து, ஒவ்வொன்றின் உள்ளும் கூண்டுபோன்ற சிறு வெற்றிடங்கள் இருக்கும்படியான கட்டமைப்பு அதனுடையது. ஸயனைடு என்றவுடன் அஞ்ச வேண்டுவதில்லை. இரும்போடு அது அத்துணை இறுகப் பிணைந்திருத்தலால், இப்பொடியை மனிதர் மருந்தாகவே உட்கொள்கின்றனர்.

இந்த நீலப் பொடி சீசியத்தை மட்டும் விசேஷமாக வரவேற்பதேன்? நீரிலே கரைந்த எந்த அயனியும் தனித்திருப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் அதனைச் சூழ்ந்து ஒரு போர்வையாய் ஒட்டிக்கொள்ளும். சோடியம் அயனி உருவிற் சிறியது. அதனால் அதன் மின்கவர்ச்சி நெருக்கமாய்ச் செயற்பட்டு, நீர்ப்போர்வையை இறுகப் பற்றிக்கொள்ளும். சீசியம் அயனியோ உருவிற் பெரியது. அதே அளவு மின்னேற்றம் பெரும் பரப்பிலே பரவிக்கிடத்தலால், அதன் பிடி தளர்ந்தது. கூண்டின் குறுகிய வாயிலுக்குள் நுழைவதற்குப் போர்வையைக் களைய வேண்டியிருக்கும்போது, சோடியம் அதற்கு மிகுந்த சக்தியைச் செலவிட நேர்கிறது. சீசியம் எளிதிலே களைந்துவிட்டு உட்புகுகிறது. உள்ளே சென்றபின், கூண்டின் அளவு சீசியத்தின் அளவுக்குப் பொருந்தியிருத்தலால், அது மீண்டும் வெளிவருவது அரிது.

இப்பொருளின் வல்லமை மனித உடலிலேயே பரீட்சிக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டு பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியொன்றின் உள்ளிருந்த சீசியம் குளோரைடுப் பொடி, இருளில் ஒளிர்வதைக் கண்டு வியந்த மக்களின் கைகளில் பரவி, நால்வர் உயிரைக் குடித்தது. உடலுக்குள் சீசியம் புகுந்த 46 பேருக்குப் பிரஷ்ய நீலமே மருந்தாகக் கொடுக்கப்பட்டது. உடலிலுள்ள சீசியத்தில் பாதி வெளியேற இயல்பாக ஏறத்தாழ 110 நாள் ஆகுமெனில், இம்மருந்து அதனை 30 நாளளவுக்குக் குறைக்கவல்லது. செர்னோபில் விபத்துக்குப் பின்னர் பசுக்களுக்கு இதே பொருளைக் கொடுத்துப் பாலிலே சீசியத்தைக் குறைத்ததும் உண்டு.

அப்படியானால் இந்தப் பொடியை நீரிலே கொட்டிக் கலக்கினாற் போதாதோ என்று கேட்கலாம். போதும், ஆனால் பின்விளைவுகளைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. பிரஷ்ய நீலத்தின் துகள்கள் மிகவும் சூக்ஷ்மமானவை. நீரிலே கூழ்மமாய் மிதந்து, வடிகட்டியையும் கடந்து, சீசியத்தைச் சுமந்தபடியே மறுபுறம் சென்றுவிடும். பொடியை ஒரு குழாயில் நிரப்பி நீரை அதன் வழியே செலுத்தலாமெனில், ரவையை நிரப்பிய குழாயில் நீர் இறங்கும், மைதாவை நிரப்பிய குழாயில் இறங்காது என்பதைச் சமையலறையிலே கண்டவர் எவரும் அதன் முடிவை ஊகித்துக்கொள்வர். ஃபுகுஷிமாவில் 2011ஆம் ஆண்டின் கோடைக் காலத்தில் இயங்கிய மற்றொரு அமைப்பு, இவ்வினத்தைச் சேர்ந்த நிக்கல் ஃபெரோஸயனைடை நீரில் கலந்து, சீசியத்தோடு சேர்த்துப் படியவைக்கும் முறையைக் கையாண்டது. சீசியம் நீரிலிருந்து பிரிந்தது உண்மையே. ஆனால் எஞ்சியது நெருங்கவொண்ணாத கதிரியக்கமுடைய சேறு. அமைப்பு நிறுத்தப்பட்ட பின்னரும், கட்டடத்தின் கீழறையில் கிடந்த அந்தச் சேற்றை எவ்வாறு எடுத்து அப்புறப்படுத்துவது என்பது நெடுநாள் தீராத கவலையாயிற்று. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டிலும், 1950களில் கழிவுத் தொட்டிகளில் இதே இனப் பொருளை இட்டுச் சீசியத்தைப் படியவைத்தனர். அது நைட்ரேட் உப்புக்களோடு கலந்து கிடப்பதால் வெடிக்கக்கூடுமோ என்ற அச்சம், பல ஆண்டுகள் கழித்து 1990ஆம் ஆண்டளவில் எழுந்து, நீண்ட ஆராய்ச்சிக்குப் பின்னரே அடங்கியது.

பற்றும் வல்லமை பொடியினிடத்தே உண்டு. ஓடும் நீரின் நடுவே நிலைத்து நிற்கும் உடல்தான் அதற்கு இல்லை. அந்த உடலை வேறொரு பொருளிடமிருந்து இரவல் வாங்கிக்கொடுப்பதே ‘கலப்பு உறிஞ்சுபொருள்’ என்னும் யோசனையின் சாரம்.

இதன் செய்முறைகளுள் ஆய்வுக்கூடங்களில் மிகவும் எளிதாகச் செய்யப்படுவது ஒன்றைச் சற்று அருகிருந்து காண்போம். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் சோடியம் ஆல்ஜினேட் என்ற பொருளை நீரிலே கரைத்தால், கஞ்சி போன்று கொழகொழப்பான திரவம் கிடைக்கும். அதில் பிரஷ்ய நீலப் பொடியைத் தூவி, கட்டி விழாதபடி நெடுநேரம் கலக்கினால், முழுதும் கருநீலமாகும். அந்தத் திரவத்தை ஊசிக்குழாயில் எடுத்து, கால்சியம் குளோரைடு கரைத்த நீரிலே துளித்துளியாய் விட, ஒவ்வொரு துளியும் நீரைத் தொட்ட மாத்திரத்தில் கரையாது உருண்டு, நீல மணியாய் இறுகி அடியிலே தங்கும். கால்சியம் அயனி இரட்டை மின்னேற்றமுடையதாதலால், ஆல்ஜினேட்டின் நீண்ட சங்கிலிகளில் இரண்டிரண்டைச் சேர்த்துக் கட்டிவிடுகிறது. அந்தக் கட்டுக்குள் நீலத் துகள்கள் அகப்பட்டுக்கொள்கின்றன. நீரும் அயனிகளும் மணிக்குள் ஊடுருவிச் செல்லும், துகள்கள் வெளியேறா. இம்மணிகளைக் குழாயில் நிரப்பினால், இடையிடையே வழிகள் இருப்பதால், நீர் தடையின்றி ஓடும்.

ஆனால் இந்த மணியை அப்படியே கடல்நீரில் இட்டால், அங்கு மிகுந்துள்ள சோடியம் சிறிது சிறிதாகக் கால்சியத்தை வெளியேற்ற, கட்டவிழ்ந்த மணி ஊதிக் குழைந்துபோகும். ஆகவே உடலாக அமையும் பொருளைத் தேர்ந்தெடுப்பது, பற்றும் பொருளைத் தேர்ந்தெடுப்பதற்குச் சற்றும் தாழ்ந்த காரியமன்று. பிராக் நகரத்துச் செக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஃபெர்டினாண்ட் ஷெபெஸ்டாவும் அவருடைய கூட்டாளிகளும், செயற்கை நூலுக்குப் பயன்படும் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்னும் பொருளைக் கொண்டு உறுதியான நுண்துளை மணிகளைச் செய்து, அவற்றுள் சீசியத்தைப் பற்றும் பொருள்களாகிய ஃபெரோஸயனைடுகளையும் அம்மோனியம் மாலிப்டோபாஸ்பேட்டையும் பொதித்துவைக்கும் முறையை வகுத்தனர். ஃபுகுஷிமா விபத்துக்குப் பின்னர் பசிபிக் கடலில் கலந்த சீசியத்தின் அளவை அறியவந்த கடலாராய்ச்சியாளர், பல லிட்டர் கடல்நீரை இத்தகைய மணிகளின் வழியே செலுத்தி, அவற்றில் திரண்ட சீசியத்தையே அளந்தனர். பின்லாந்திலோ, லோவீசா அணுமின் நிலையத்தில் 1991 முதலே, ஃபெரோஸயனைடு இனப் பொருளையே பொடியாக விடாது கெட்டியான மணிகளாக்கிக் குழாயில் பயன்படுத்தியிருக்கின்றனர். இவையன்றி, காந்த இரும்பு ஆக்ஸைடின் துகள்கள்மேல் நீலத்தைப் பூசி, வேலை முடிந்ததும் காந்தத்தால் இழுத்தெடுக்கும் வகைகளும், செல்லுலோஸ் இழைகளிலும் நெய்யாத துணிகளிலும் நீலத்தைப் பிணைத்து, ஓடையிலும் குளத்திலும் விரித்துவைக்கும் வகைகளும் உண்டு.

எந்தச் சேர்க்கையிலும் கொடுத்தே பெற வேண்டும் என்ற நியதி இங்கும் உண்டு. உடலாக நிற்கும் பொருள் தான் சீசியத்தைப் பற்றுவதில்லை. அதனை மிகுதியாகச் சேர்த்தால் மணி உறுதிப்படும், ஒரு கிராம் மணியின் பற்றும் அளவோ குறையும். மணியைப் பெரிதாக்கினால் நீர் விரைந்தோடும். ஆனால் அயனி மணியின் மையத்தை அடைவதற்குக் காலம் பிடிக்கும், அதற்குள் நீர் கடந்துபோய்விடும்.

இப்பொருள்களை எடைபோடும் முறையையும் அறிந்துகொள்ளல் வேண்டும். சீசியத்தின் கதிரியக்கமற்ற இனமும் கதிரியக்க இனமும் ரசாயன குணத்தில் ஒன்றேயாதலால், ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் அபாயமற்ற சீசியத்தைக் கொண்டே முதற் பரீட்சைகளைச் செய்வர். ஒரு கிராம் உறிஞ்சுபொருள் தன்னிடத்தே கொண்ட சீசியம், ஒரு மில்லிலிட்டர் நீரிலே எஞ்சிய சீசியத்தைப் போல எத்தனை மடங்கு என்பதே அவர்கள் முதன்மையாகக் கருதும் எண். அவ்வெண் ஆயிரமாக இருந்தால், ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் பொருளை இட்டபின், சீசியத்தில் சரிபாதி நீரிலேயே நின்றுவிடும். லட்சமாக இருந்தாலோ, நூற்றொன்றில் ஒரு பங்கே எஞ்சும். குழாயில் நிரப்பிய மணிகளோ இதனினும் சிறந்த பயனைத் தரும். நீர் கீழிறங்குந்தோறும் புதிய மணிகளைச் சந்தித்து, ஒவ்வோர் அடுக்கிலும் மேலும் மேலும் தூய்மை பெறுகிறது. மேலடுக்குகள் நிரம்ப நிரம்ப, பற்றும் எல்லை கீழ்நோக்கி நகர்ந்து, ஒருநாள் குழாயின் அடியை எட்டும். வெளிவரும் நீரில் சீசியம் தலைகாட்டும் அந்தத் தருணத்தில் குழாயை மாற்றிவிட வேண்டும்.

ஆராய்ச்சிக் கட்டுரைகள் பலவற்றில், ‘ஒரு கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் சீசியத்தைக் கொண்டது’ என்ற கணக்கே முதலிடம் பெறுவதைக் காண்கிறோம். செறிந்த சீசியக் கரைசலில் இட்டு, பொருளின் வயிறு நிரம்பும் அளவைக் கண்டறிந்து கூறும் கணக்கு அது. மெய்யான கழிவுநீரிலோ சீசியம் இருப்பது துளியினும் துளி. வயிறு நிரம்புவதென்பது பெரும்பாலும் எழாத பிரச்சினை. அங்கே பொருளின் பெருமை, அது எவ்வளவு கொள்கிறது என்பதைவிட, எதனை வேண்டாமென்று ஒதுக்குகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

மேலும், ஓர் அயனிக்கு உகந்தது மற்றோர் அயனிக்கு உகப்பதில்லை. எலும்பிலே சென்று தங்கும் ஸ்ட்ரான்ஷியம்-90 கால்சியத்தின் உறவினன். பிரஷ்ய நீலம் அதனைப் பொருட்படுத்துவதே இல்லை. அதற்கு டைட்டனேட் வகைப் பொருள்கள் வேண்டும். அவையும் நீரிலுள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் போராடியே வெல்ல வேண்டும். நீரின் குணமும் முக்கியம்: மிகுந்த காரத்தில் பிரஷ்ய நீலம் சிதையும், மிகுந்த அமிலத்தில் ஜியோலைட் கரையும், அமிலத்தில் அஞ்சாது நிற்கும் மாலிப்டோபாஸ்பேட்டோ காரத்தில் கரைந்துபோகும், உக்கிரமான காரக் கழிவுகளுக்கென்றே 1990களில் அமெரிக்காவில் சிலிகோடைட்டனேட் என்னும் படிகப் பொருளை உருவாக்கினர். ஆகையினால்தான் ஃபுகுஷிமாவில் 2013 முதல் இயங்கும் பெரிய சுத்திகரிப்பு அமைப்பு, 62 வகைக் கதிரியக்க அணுக்களை நீக்கும் பொருட்டு, பலவகை உறிஞ்சுபொருள்கள் நிரப்பிய கலங்களின் வழியே நீரை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்துகிறது. அதற்கும் அகப்படாதது டிரிட்டியம். ஹைட்ரஜனின் இனமாகிய அது, நீரிலே கரைந்திராமல் நீரின் மூலக்கூறாகவே அமைந்துவிட்டமையால், அயனிகளைப் பற்றும் எந்தக் கூண்டும் அதற்குப் பயன்படாது. 2023 ஆகஸ்டு 24ஆம் தேதி முதல் அந்நீரைக் கடல்நீரால் மிகவும் நீர்த்துப்போகச் செய்து கடலில் விடத் தொடங்கியதும், அதுபற்றி எழுந்த வாதங்களும் இக்காரணம் பற்றியனவே.

நீர் தெளிந்துவிட்டது, சீசியமெல்லாம் கலத்துக்குள் சேர்ந்துவிட்டது. அதன் பின்னர் நிகழ்வதே இக்கதையின் கடினமான பகுதி. பல்லாயிரம் டன் நீரிலே பரவியிருந்த கதிரியக்கம் ஓர் எஃகுக் கலத்துக்குள் ஒடுங்கியபின், அக்கலம் கனத்த காப்பின்றி அணுக முடியாததாகிறது. உள்ளே உஷ்ணம் பிறக்கிறது. எஞ்சிய ஈரத்தைக் கதிர்கள் பிளப்பதால் ஹைட்ரஜன் வாயு உண்டாகிறது. அது வெளியேற வழி வைக்க வேண்டும். சீசியம் ஏந்திய ஜியோலைட்டை உயர் வெப்பத்தில் சுட்டால், நீரில் எளிதிற் கரையாத போலுசைட் என்ற கனிமமாய் அது மாறிவிடும். கண்ணாடியோடு சேர்த்து உருக்கி வார்க்கவும் கூடும். பிரஷ்ய நீலத்துக்கு இவ்வசதி இல்லை. அதனைச் சுட்டால் கட்டமைப்புச் சிதைந்து நச்சு வாயுக்கள் எழுவதோடு, பிடித்துவைத்த சீசியமும் ஆவியாய்த் தப்பக்கூடும். ஆக, நீரிலே சிறந்து விளங்கிய பொருள் நெருப்பிலே தோற்பதும், நீரிலே சற்றுப் பின்தங்கிய கனிமம் நெருப்பிலே வெல்லுவதும் உண்டு. எவ்வழியில் அடைத்துவைத்தாலும், 30 ஆண்டுக்கொரு முறை பாதியாகும் சீசியம், ஆயிரத்தில் ஒரு பங்காய்க் குறைவதற்கு 300 ஆண்டு காவல் வேண்டும்.

எனவே புதியதோர் உறிஞ்சுபொருள் கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தியைக் கேட்கும்போதெல்லாம் மூன்று வினாக்களை எழுப்புவது நம் கடமையாகும். சோடியமும் பொட்டாசியமும் கால்சியமும் பெருகிக்கிடக்கும் மெய்யான நீரில் அது தன் அயனியை இனங்கண்டு பற்றியதா? மாதக்கணக்கில் ஓடும் நீரிலும், கதிர்களின் தாக்குதலிலும், அதன் மணிகள் உடையாமலும் கரையாமலும் நின்றனவா? நிரம்பியபின் அதனை முந்நூறு ஆண்டுகளுக்கு எவ்வுருவில், எங்கே வைக்கப்போகிறோம்? பொடிக்கு உடல் கொடுத்த கலப்புப் பொருள்கள் இரண்டாம் வினாவுக்கு நல்ல விடை கண்டுவிட்டன; முதல் வினாவுக்கு ஒவ்வொரு நீரிலும் தனித்தனியே விடை காண வேண்டியிருக்கிறது. மூன்றாம் வினாவையோ, பொருளைச் செய்து முடித்தபின் அன்று, செய்யத் தொடங்குமுன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே ஹான்ஃபோர்டின் தொட்டிகளும் ஃபுகுஷிமாவின் சேறும் விஞ்ஞானிகளுக்குப் புகட்டியுள்ள பாடம்.